பூஜ்ய அழுத்தப் பிரகடனம்

எங்கள் ஆய்வகத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'விபத்தில்லாத நாட்கள்' என்று மேலே எழுதியிருக்கும். கீழே உள்ள எண்ணை, காலை உடற்பயிற்சி முடிந்ததும் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் இனாகாக்கி தன் கையாலேயே மாற்றுவார். மாற்றிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் பலகையைக் காட்டி, "எண் மாற்றப்பட்டது, சரி!" என்று கத்துவார். சுற்றி நிற்கும் நாங்களும் விரலை நீட்டி "சரி!" என்று கத்துவோம். எங்கள் ஜப்பானிய ரயில் ஓட்டுநர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. கண் பார்த்ததை விரல் காட்டி வாய் சொல்லிவிட்டால் தவறே நடக்காதாம். ரயிலுக்கு நல்லதுதான். சுடுதண்ணீர் ஆபத்தான பொருள் என்பதால், நான் தேநீர் போடும்போதும் விரலை நீட்டி "கோப்பை இருக்கிறது, சரி!" என்று கத்த வேண்டும். இதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

நான் ஹோரிக்காவா. இருபது வருடமாக இங்கே படிகம் வளர்க்கிறவள். செம்பு ஆக்சைடோடு பாதரசம், பேரியம், கால்சியம் எல்லாம் சேர்த்து உலையில் சுட்டால் கறுப்பாக ஒரு பொருள் வரும். மைனஸ் நூற்று நாற்பது டிகிரி வரை குளிரவைத்தால் மின்சாரத்துக்கு அதில் தடையே இருக்காது. இந்த மாதிரிப் பொருளை மீகடத்தி என்பார்கள். இதற்கு ஒரு விசித்திர குணம். பிழியப் பிழிய, அவ்வளவு குளிர் வேண்டாம் என்றுவிடும். நம்மைக் காற்று அழுத்துவதைப்போல மூன்று லட்சம் மடங்கு அழுத்தினால், மைனஸ் நூற்றுப் பத்திலேயே தடை சரியத் தொடங்கும். பிடியை விட்டால் பழையபடி நூற்று நாற்பதுக்கே போய்விடும். பிழிந்த நிலையில் தடை சுத்தமாகப் பூஜ்யத்தைத் தொடுகிறதா, பாதி வழியில் நின்றுவிடுகிறதா என்பதில் உலகம் முழுக்கச் சண்டை.

பிழிகிற வேலை பக்கத்து அறை நெமோத்தோவுடையது. இரண்டு வைரங்களின் முனைகள் எதிரெதிரே இருக்கும். நடுவே துளையிட்ட ஓர் உலோகத் தகடு. துளைக்குள் என் படிகத்தின் ஒரு துணுக்கு, கேழ்வரகில் நூறில் ஒரு பங்கு இருக்கலாம். அதைத் தொட்டபடி முடியைவிட மெல்லிய நான்கு தங்கக் கம்பிகள், அழுத்தத்தைத் தன் ஒளியால் காட்டிக்கொடுக்க ஒரு மாணிக்கத் தூசி. எல்லாம் சேர்ந்து கட்டை விரல் அளவு. மூன்று திருகுகளைச் சாவியால் முறுக்கினால் அழுத்தம் ஏறும். பெரும்பாலும் கம்பி அறுந்துவிடும், இல்லாவிட்டால் வைரம் உடைந்துவிடும். உடைந்த வைரங்களை அவன் ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு வைத்திருந்தான். இந்தப் பிப்ரவரியில்தான் முதன்முறையாக நான்கு கம்பியும் உயிரோடு மூன்று லட்சத்தை எட்டின. அன்று என் அறைக்கு வந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கண் கலங்கியது.

அவனுடைய ஒப்பந்தம் மார்ச் கடைசியோடு முடிகிறது. பூஜ்யத் தடையைக் காட்டினால் நிரந்தர வேலை என்று இயக்குநர் குசாக்கபே வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். ஏப்ரலில் மகள் ஹொனொக்கா முதல் வகுப்பில் சேர வேண்டும். பள்ளிக்கு முதுகில் மாட்டிப் போகும் சிவப்புத் தோல்பை கூட வாங்கியாகிவிட்டது. வேலை இல்லையென்றால் குடும்பத்தோடு வடக்கே ஆவொமோரிக்குப் போய் மாமனாரின் தோட்டத்தில் ஆப்பிள் பறிக்க வேண்டியதுதான். குளிரூட்டும் இயந்திரத்தில் அவனுடைய முறை வியாழக்கிழமை. அதுவரை அந்தத் திருகுகள் தளராமல் இருந்தால் போதும்.

திங்கட்கிழமை இனாகாக்கி வந்தார். எங்கோ ஒரு தொழிற்சாலையில் வாயு சிலிண்டர் ஒருவரின் கால் விரலில் விழுந்துவிட்டதாம். அமைச்சகம் சுற்றறிக்கை விட்டிருந்தது. வியாழக்கிழமை அங்கிருந்து சோதனையிட ஓர் ஆய்வாளரும் வருகிறார். ஆகவே ஒவ்வோர் அறையிலும் இருக்கும் அதிகபட்ச அழுத்தம் எவ்வளவு என்று இரண்டு ஆட்களோடு கேட்டு வந்தார். நெமோத்தோவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"மூணு லட்சம் வளிமண்டலம்."

இனாகாக்கி தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டார். கூட வந்த இருவரும் நடைபாதைக்குப் போய்விட்டார்கள்.

"கீழ இருக்கற நைட்ரஜன் சிலிண்டரே நூத்தம்பதுதான். அதுக்கே சங்கிலி போட்டுக் கட்டியிருக்கோம். எங்க இருக்கு அந்தக் கலம்?"

நெமோத்தோ மேசையைக் காட்டினான். கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது.

"இது கலத்தோட மூடியா?"

"இல்ல, கலமே இதுதான்."

"வெடிச்சா?"

"வெடிக்காது. வைரம் உடையும். டிக்குனு ஒரு சத்தம் வரும். பேசிக்கிட்டிருந்தா அதுவும் காதுல விழாது."

"மூணு லட்சத்துக்கு ஒரு டிக்கா? நெமோத்தோ-சான், நான் பிள்ளைகுட்டிக்காரன். என்கிட்ட எதையும் மறைக்காதீங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "இனாகாக்கி-சான், பயப்படணும்னா என் அறைக்கு வாங்க. என் உலைக்குள்ள பாதரசம் ஆவியா நிக்குது. குழாய் உடைஞ்சா இந்த மாடியில ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்" என்றேன்.

அவர் கதவு வழியே எட்டிப் பார்த்தார். "அதுல பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே" என்றார். விஷயம் முடிந்தது. 'சோதித்தாயிற்று, ஆபத்தில்லை' என்று போன இயக்குநருக்கும் முந்தைய இயக்குநர் காலத்தில் ஒட்டியது அது.

விதி தெளிவாக இருந்தது. பத்து வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் உள்ள எந்தக் கலமும் பொறுப்பாளரின் கைக்கெட்டும் தூரத்தில் எந்நேரமும் இருக்க வேண்டும். இல்லையேல் அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும். சிலிண்டரை மனதில் வைத்து எழுதிய விதி. வெளியேற்றினால் படிகம் பொடியாகும், கம்பிகள் போகும், வைரமும் கூடப் போகலாம். ஆகவே நெமோத்தோ கைக்கெட்டும் தூரத்தையே தேர்ந்தெடுத்தான். கோயிலில் அவன் அம்மா வாங்கித் தந்த தாயத்துப் பையில் கலத்தைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். பையில் 'சாலைப் பாதுகாப்பு' என்று தங்க நூலால் எழுதியிருந்தது.

அன்று பிற்பகலே அடுத்த உத்தரவு வந்தது. அழுத்தக் கலத்தை இடம் பெயர்ப்பவர் சிவப்புத் தலைக்கவசம் அணிய வேண்டும், முன்னால் ஒருவர் கொடி பிடிக்க வேண்டும். நெமோத்தோ கழிப்பறைக்குப் போனால் கொடிக்காரரும் போனார். சாப்பாட்டு அறையில் அவன் நாற்காலியைச் சுற்றி மஞ்சள் பட்டை ஒட்டினார்கள். அதற்குள் உட்கார்ந்து தனியாக நூடுல்ஸை உறிஞ்சினான். ஒவ்வொரு மணி நேரமும் மணி அடிக்கும். அவன் எழுந்து, கலத்தை வெளியே எடுத்து, விரலால் காட்டி, "அழுத்தம் மூன்று லட்சம், இருக்கிறது, சரி!" என்று கத்த வேண்டும். காதில் விழும் தூரத்தில் இருப்பவர்கள் அனைவரும் "சரி!" சொல்ல வேண்டும். முதலில் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் மணி அடித்ததும் கை தானாக எழுந்தது. பேருந்தில் கூட எழுந்ததாம்.

"வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"குளிக்கறப்பவும் கழட்டக் கூடாதுன்னேன். தொட்டி விளிம்புல அதுக்கும் ஒரு துண்டு போட்டு வெச்சா என் பொண்டாட்டி. ஹொனொக்காதான் ஒட்டிக்கிட்டா. தூங்கப் போறதுக்கு முன்னால தன் பள்ளிக்கூடப் பையைப் பார்த்து விரலை நீட்டி, 'பை இருக்கு, சரி'ங்கறா." சிரித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். "அந்தப் பையை ஆவொமோரிக்கும் எடுத்துக்கிட்டுப் போகலாம், ஹோரிக்காவா-சான். அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு."

புதன்கிழமை காலைக் கூட்டத்தில் இயக்குநர் மேடை ஏறினார். ஆசான் என்ற மரியாதையில் நாங்கள் 'சென்செய்' என்று அழைக்கும் குசாக்கபே இளமையில் நல்ல விஞ்ஞானி. அதை அவரே அடிக்கடி சொல்வார்.

"முப்பது வருஷம் அழுத்தத்தையே படிச்சவன் நான். எனக்குப் பேர் வாங்கித் தந்ததும் அழுத்தம்தான். இப்ப பேர் வந்தாச்சு. அதனால தைரியமா ஒரு முடிவு எடுத்திருக்கேன். நாளைக்குக் காலைல ஒம்பது மணியிலிருந்து இந்தக் கட்டடத்துல எந்த மூலையிலயும் அழுத்தம் பூஜ்யம். அமைச்சகத்துக்குப் பிரகடனம் எழுதி, முத்திரை வெச்சு, நேத்தே அனுப்பியாச்சு. அழுத்தமே இல்லாம இயங்கற முதல் உயரழுத்த ஆய்வகம் நம்மளோடதாத்தான் இருக்கும்."

கைதட்டினோம். அவர் கையமர்த்தினார்.

"ஆராய்ச்சி பாதிக்கப்படுமேன்னு சிலர் கவலைப்படறாங்க. பாதிக்கப்படாது. நடக்காது, அவ்வளவுதான். நடக்காத ஆராய்ச்சியில யாரும் அடிபட்டதா நான் கேள்விப்பட்டதில்லை."

நான் கையைத் தூக்கினேன். "சென்செய், வெறும் காத்துக்கே ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கே?"

"காத்து அமைச்சகத்தோட பொறுப்பு" என்றார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே நெமோத்தோ கலத்தைக் குளிரூட்டும் தொட்டிக்குள் இறக்கிவிட்டான். அவசரப்படுத்த முடியாது. வேகமாகக் குளிர்ந்தால் கம்பிகள் சுருங்கி அறுந்துவிடும். நானும் பக்கத்தில் நின்றேன். திரையில் தடையின் கோடு மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. மைனஸ் அறுபது. மைனஸ் எழுபது.  ஒன்பது மணி அடித்தபோது அவன் விரல் தானாகத் தொட்டியைக் காட்டியது, உதடு முணுமுணுத்தது; மைனஸ் எண்பதைத் தாண்டியிருந்தோம்.

இனாகாக்கி ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஒம்பது அடிச்சாச்சு! திருகைத் தளர்த்துங்க, நெமோத்தோ-சான்!"

"தொட்டிக்குள்ள இருக்கு. வெளிய எடுக்கணும்னா முதல்ல சூடாக்கணும். எடுத்தா எல்லாமே போச்சு."

"ஆய்வாளர் மாடிப்படி ஏறிட்டிருக்காரு!"

"இன்னும் முப்பது டிகிரிதான், இனாகாக்கி-சான். கெஞ்சிக் கேக்கறேன்."

இனாகாக்கி மின்சுவிட்சைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு, உடம்பும் அகலம். அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே குசாக்கபே உள்ளே வந்தார். ஆய்வாளரை நடைபாதையில் பாதுகாப்புச் சுவரொட்டிகளைப் பார்க்கச் சொல்லி நிறுத்திவிட்டு வந்திருந்தார். இனாகாக்கி அவர் காதில் விஷயத்தைச் சொன்னார்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"இனாகாக்கி-சான், பிரகடனத்துல என்ன எழுதியிருக்கு?"

"ஒம்பது மணியிலிருந்து அழுத்தம் பூஜ்யம்னு."

"மணி என்ன?"

"ஒம்பதே கால்."

"அப்ப அந்தத் தொட்டியில அழுத்தம் கிடையாது. இல்லாததை எப்படிய்யா வெளியேத்துவீங்க? விடுங்க."

நெமோத்தோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. இயக்குநரின் காலில் விழ வேண்டும் போலிருந்தது எனக்கு. அவ்வளவு நிம்மதி. அது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

ஆய்வாளர் ஷிராத்தோரி உள்ளே வந்தபோது மைனஸ் நூற்று ஐந்து. இளைஞர். கையில் எங்கள் ஆய்வகத்தின் விளம்பரக் கையேடு. எல்லோரும் திரையைப் பார்ப்பதால் அவரும் பார்த்தார். நூற்று ஏழு. நூற்று எட்டு. கோடு பழையபடி மெல்லவே தாழ்ந்தது. நூற்றொன்பது தாண்டியதும் வழுக்கியது. நெமோத்தோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நூற்றுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கோடு செங்குத்தாக விழுந்து பூஜ்யத்தில் படுத்து அங்கேயே கிடந்தது. நான்கு வருட உழைப்பு. என்னை அறியாமல் அவன் தோளை அடித்துவிட்டேன்.

"என்ன ஆச்சு?" என்றார் ஷிராத்தோரி.

"மின்தடை போயிடுச்சு" என்றார் இயக்குநர், பெருமையாக.

"மைனஸ் நூத்திப் பத்துலயா? உங்க கையேட்டுல, சாதாரண நிலையில மைனஸ் நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கே. இப்ப எவ்வளவு அழுத்தம் கொடுத்திருக்கீங்க?"

 நெமோத்தோ வாயைத் திறந்தான். இயக்குநர் முந்திக்கொண்டார்.

"பூஜ்யம். பிரகடனத்துல சொன்னபடி."

ஷிராத்தோரியின் கண்கள் விரிந்தன. "அழுத்தமே இல்லாம முப்பது டிகிரி ஏத்திட்டீங்களா? அப்ப இது உலக சாதனை! நான் இப்பவே அமைச்சகத்துக்குப் போன் பண்றேன்." அங்கேயே பண்ணினார். பத்திரிகையாளர் கூட்டம் மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு என்று முடிவாயிற்று.

ஆய்வாளர் போனதும் குசாக்கபே நாற்காலியில் சரிந்தார்.

"சென்செய், இது பொய்" என்றான் நெமோத்தோ.

"தெரியும்ப்பா. அறிவியல்ல தப்பு சொன்னா திருத்தப் பத்து வருஷம் கிடைக்கும். எவனாவது செஞ்சு பார்ப்பான், வரலைம்பான், உன் படிகம் சரியில்லைன்னு சொல்லி நாம ஒதுங்கிக்கலாம். அமைச்சகத்துகிட்ட தப்பு சொன்னா பத்து நிமிஷம் கூடக் கிடைக்காது." எழுந்து அவன் தோளில் கை வைத்தார். "உன்னோட நிரந்தர நியமனம் நாளைக்குக் கூட்டம் முடிஞ்சதும் என் மேசையில இருக்கும். பூஜ்யம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ஹொனொக்கா-சானுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?"

குழந்தையின் பெயரை அவர் நினைவு வைத்திருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் கலம் வெளியே வந்தது. மாணிக்கத் தூசி இன்னும் மூன்று லட்சம் என்றே காட்டியது. இனாகாக்கி தயங்கித் தயங்கி வந்து நின்றார். "அதிகாரபூர்வமா அதுல ஒண்ணும் இல்லை. கொடி, கவசம், மணி எதுவும் தேவையில்லை. இருந்தாலும் நெமோத்தோ-சான், கைக்கெட்டற தூரத்துலயே வெச்சுக்கங்க. எனக்காக" என்றார். நெமோத்தோ அதைத் தாயத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"என் படிகத்தைப் பத்திப் பொய் சொன்னா உன்னை உலையில போட்டுச் சுட்டுடுவேன்" என்றேன். "ஆனா அந்தக் குழந்தை முகத்தை நினைச்சா எனக்குப் பேச்சே வரலை. நீயே முடிவு பண்ணு."

"முடிவு பண்ணிட்டேன்." என்னைப் பார்க்காமல் சொன்னான். "பூஜ்யம், பூஜ்யம்னு சொல்லிப் பழகிக்கிட்டிருக்கேன். கஷ்டமாத்தான் இருக்கு. சொல்லிடுவேன்."

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. கேமராக்கள் வரிசையாக நின்றன. நாங்கள் எல்லோரும் பின்னால் கைகட்டி நின்றோம். குசாக்கபே பேசினார், தன் இளமை, தன் துணிச்சல், தன் முத்திரை பற்றி. நெமோத்தோவின் மனைவி மகளை அழைத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் முதுகில் அந்தச் சிவப்புப் பை.

ஒரு பெண் நிருபர் எழுந்தாள். "அழுத்தம் பூஜ்யம்கறதை, சோதனையைச் செஞ்சவரே ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?"

நெமோத்தோ எழுந்தான். தாயத்துப் பையிலிருந்து கலத்தை எடுத்து வெள்ளைத் துணி மேல் வைத்தான். உதடு 'பூ' என்று குவிவதை நான் பார்த்தேன்.  அந்த நேரத்தில்தான் பத்து மணி அடித்தது. யாரும் அதை நிறுத்தச் சொல்லியிருக்கவில்லை.

அவன் கை தானாக எழுந்தது. விரல் கலத்தைக் காட்டியது. நாற்பது கேமராவும் பார்த்துக்கொண்டிருக்க, திங்கட்கிழமையிலிருந்து பழகிய தொண்டை முழு பலத்தோடு கத்தியது:

"அழுத்தம் மூன்று லட்சம், இருக்கிறது, சரி!"

பின்னால் நின்ற நாங்கள் அத்தனை பேரும் விரலை நீட்டினோம். "சரி!"

எங்கள் எல்லோருடைய குரலையும் விட உரக்கக் கேட்டது மேடையில் நின்ற குசாக்கபே சென்செய்யின் 'சரி'தான். நீட்டிய விரலை அவர் மடக்கவே வெகுநேரம் ஆயிற்று.

"இருக்குதா?" என்றாள் நிருபர்.

மறுநாள் செய்தித்தாளில் நான்காம் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள்: 'உயரழுத்த ஆய்வகத்தில் அழுத்தம் இருப்பது கண்டுபிடிப்பு.'

கூட்டம் நடந்த அன்றே, எல்லோரும் கலைந்ததும் இயக்குநர் நெமோத்தோவின் அறைக்கு வந்தார்.  "நீ இன்னிக்கே வெளிய போகலாம். அந்தச் சனியனைத் தளர்த்திட்டுப் போ!"

இனாகாக்கி குறுக்கே வந்தார். அவர் இயக்குநரை எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. அன்றும் எதிர்த்துப் பேசவில்லை. விதியைத்தான் சொன்னார்.

"மன்னிக்கணும், சென்செய். கலத்துல அழுத்தம் இருக்கு. பொறுப்பாளர் கைக்கெட்டற தூரத்துல இருந்தாகணும். அவரை அனுப்ப முடியாது."

"அப்ப தளர்த்தச் சொல்லு!"

"தளர்த்தறதுக்குப் பாதுகாப்புக் குழு அனுமதி தரணும். குழுவோட கணக்குல அழுத்தம் பூஜ்யம். இல்லாததை வெளியேத்த அனுமதி தர முடியாது. நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

"பிரகடனத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்!"

"வாங்கிக்கலாம். அது பொய்னு எழுதி நீங்க முத்திரை வைக்கணும்."

 குசாக்கபே போய்விட்டார். முத்திரை வைக்கவில்லை.

இனாகாக்கி அன்றைய சம்பவத்தை 'மயிரிழையில் தப்பியவை' என்ற கோப்பில் சேர்த்தார். 'நடக்கவிருந்த பொய். விரல் காட்டியதால் தவிர்க்கப்பட்டது. காயம் எவருக்கும் இல்லை.' பலகையில் எண் ஒன்று கூடியது. அதைக் காட்டி அவர் வழக்கத்தைவிட உரக்கக் கத்தினார்.

மார்ச் முடிந்தது. நெமோத்தோவின் ஒப்பந்தமும் முடிந்தது. ஏப்ரல் முதல் நாள் சிவப்புத் தலைக்கவசத்தோடு வழக்கம்போல வந்தான். பாதுகாப்புப் பிரிவில் 'அழுத்தப் பொறுப்பாளர்' என்று ஒரு பதவி, கலத்தில் அழுத்தம் உள்ளவரை. சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் அதிகம். ஹொனொக்கா பள்ளிக்கூடம் போகிறாள். குளிரூட்டும் இயந்திரத்தில் அவன் முறை வரும்போதெல்லாம் இனாகாக்கி தொட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறார். கோடு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுகிறது.

குசாக்கபே மட்டும் ஆசையை விடவில்லை. திருகுச் சாவி எங்கே என்று ஆள் விட்டுத் தேடச் சொல்கிறார். கையில் அது கிடைத்தால் கலத்தைத் தளர்த்திவிட்டு, தானாகவே தளர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் அல்லவா? நெமோத்தோவின் இழுப்பறைகளைத் தேடினார்கள், அவன் செருப்பைக் கூடத் தேடினார்கள். அப்புறம் என் அறைக்கும் வந்தார்கள். உலையில் ஒட்டியிருக்கும் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்ததும் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போதெல்லாம் காலையில் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, உலையின் கால்மாட்டில் மண்டியிட்டு, விரலை நீட்டி, யார் காதிலும் விழாதபடி நானும் சொல்கிறேன்:

"சாவி இருக்கிறது, சரி."